திரும்பாத தலை

கிழித்தால்தான் வரும் சார், மேட்ச் முடியுற வரைக்கும் கையிலேயே இருக்கட்டும் என்று ஸ்டேடியம் வாசலில் நின்ற பெண் சொல்லிவிட்டாள். நீலப் பட்டை. பார்த்தால் காகிதம், தொட்டால் வழவழப்பு, நனைந்தாலும் நையாது போலிருக்கிறது. என் இடது மணிக்கட்டைச் சுற்றி ஒட்டினாள், ஒட்டும்போது அவள் விரல் பட்ட இடம் சரியாக என் நண்பன் இஞ்ஞாசி பிடிக்கிற இடம். இந்நேரம் அங்கே அவன் கை இருக்க வேண்டும். மேட்ச் பார்க்க உட்கார்ந்தால் அவன் எப்போதும் எனக்கு இடது பக்கம், விசில் ஊதியதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வான், நான் ஆட்டத்தைச் சொல்லச் சொல்ல அந்தப் பிடி இறுகும், தளரும், பந்து நம் கோல் பக்கம் வந்தால் எலும்பு வலிக்கும். கண்ணில் பிரஷர் ஏறி, பார்வை ஓரத்திலிருந்து கருகிக்கொண்டே வந்து, இப்போது அவனுக்கு வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. ஆறு வருஷமாக அவன் கண் நான்தான். பெரிய வார்த்தை. அப்படி யாரும் சொன்னதில்லை, அவனும் சொன்னதில்லை, அவன் சொல்வதெல்லாம் "வாய மூடாத, சொல்லினே இரு" என்பதுதான். காலையில் போனில் எனக்குக் காய்ச்சல் என்றேன். சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன். பொய் சொன்னதைவிட அதை நினைத்தால்தான் காது சுடுகிறது, அந்தக் குரலைத் தாழ்த்தியது. "எவ்ளோ கீது?" என்று கேட்டான். நூற்றொன்று என்றேன். யாராவது அளவு கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவது என் பழக்கம், இல்லாத காய்ச்சலுக்கும் அளவு சொல்லிவிட்டேன். "மொளகு ரசம் வெக்கச் சொல்லு. மேட்ச் எங்கயும் பூடாது, நீ படு" என்றான். மேட்ச் எங்கேயும் போகவில்லை. நான்தான் வந்திருக்கிறேன், கண்ணாடிக்குள்.

"ஏசி அதிகமா இருந்தா சொல்லுங்க மாமா, குறைக்கச் சொல்றேன்" என்கிறார் மாப்பிள்ளை. இல்லை, சரியாக இருக்கிறது என்கிறேன். சரியாக இல்லை, முழங்கால் குளிர்கிறது, ஆனால் காய்ச்சல்காரன் குளிரட்டும். திவாகர் என் மகள் சுமித்ராவின் கணவர், அவருடைய கம்பெனியின் பெயர் இந்த டீமின் சட்டையில் நெஞ்சுக்குக் குறுக்கே இருக்கிறது, அதனால் கம்பெனிக்கு இந்தக் கண்ணாடி அறை. சோபா மாதிரி நாற்காலிகள், பின்னால் ஒரு நீள மேசையில் மூடி போட்ட பாத்திரங்கள், சுவரில் பெரிய டிவி. மூன்று நாள் முன்னால் வீட்டுக்கு வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே, சீசன் ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி ஒரு பிரெண்ட்லி மேட்ச் இருக்கு, நீங்க வரணும் மாமா என்றார். கல்யாணமான நாளாக அவர் என்னை எங்கேயும் கூப்பிட்டதில்லை. கூப்பிடக்கூடாது என்பதில்லை, நான் பேசுகிற ஆள் இல்லை, என்னோடு என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. கூப்பிட்டபோது அவர் முகம் சிவந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று எப்படிச் சொல்வது. சொல்லியிருக்கலாம். என் நண்பன் ஒருவன் இருக்கிறான், நான் இல்லாமல் அவனால் மேட்ச் பார்க்க முடியாது என்று சொல்லியிருக்கலாம், அது ஒரு வாக்கியம், நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்ததா? இல்லை. அது வரவே இல்லை. அதைத்தான் இப்போது கண்ணாடியில் என் முகம் எனக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது, பச்சைப் புல்லின் மேல் மிதக்கிற ஒரு வழுக்கைத் தலை. மாப்பிள்ளை கூப்பிட்டார் என்பதற்காக மட்டும் நான் வரவில்லை. ஒரு மேட்ச், ஒரே ஒரு மேட்ச், வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது.

விசில் ஊதிவிட்டார்கள். ஊதியது கேட்கவில்லை, ரெஃப்ரியின் கன்னம் உப்பியதைப் பார்த்தேன். கண்ணாடி அத்தனை தடிமன். வெளியே ஜனங்கள் கை தட்டுவது தெரிகிறது, சத்தமில்லாமல், மீன் தொட்டிக்குள் வாயைத் திறந்து மூடுகிற மீன்கள் மாதிரி. தொட்டிக்குள் இருப்பது அவர்களா நானா. நம் டீம் நீலம், கோவாக்காரர்கள் ஆரஞ்சு. பந்து இடது ஓரம் போகிறது, நீலம் இரண்டு பேர் மோதிக்கொள்கிறார்கள், த்ரோ. சுவரில் இருக்கிற டிவியிலும் இதே ஆட்டம்தான், ஆனால் அதில் பந்து இன்னும் நடுவில் இருக்கிறது, த்ரோ இனிமேல்தான் வர வேண்டும். இது என்ன வேடிக்கை. வெளியே நடந்து முடிந்தது உள்ளே இன்னும் நடக்கவில்லை. "சிக்னல் சுத்திகிட்டு வரணும் இல்ல மாமா, ஏழெட்டு செகண்ட் லேட்டாத்தான் வரும்" என்கிறார் மாப்பிள்ளை. ஏழெட்டு என்றால் ஏழா எட்டா என்று கேட்கவில்லை. எட்டு. நானே எண்ணிப் பார்த்துவிட்டேன். சரி, டிவியை விடு, வெளியே பார், இதற்காகத்தானே வந்தாய். ஆறு வருஷமாக நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, சொல்லத்தான் செய்திருக்கிறேன். சொல்வது என்பது பார்ப்பதை வெட்டி வெட்டிக் கொடுப்பது, எட்டாம் நம்பர் பந்தை நிறுத்துகிறான் என்று சொல்லி முடிப்பதற்குள் எட்டாம் நம்பர் என்ன அழகாக நிறுத்தினான் என்பது போய்விடும், அதை விட்டுவிட்டு அடுத்ததற்கு ஓட வேண்டும். வீட்டுக்குப் போகும்போது தொண்டை கட்டியிருக்கும், மனதில் ஒரு படம் இருக்காது. பேசக் கூச்சப்பட்டே வயதைக் கழித்தவனுக்கு மாதம் இரண்டு மூன்று சாயங்காலம் விடாமல் பேசுகிற வேலை. சில நாள் அவன் பிடியை உதற வேண்டும் போல இருந்திருக்கிறது. உதறியதில்லை. உதறியதில்லை என்பதைப் புண்ணியமாக வைத்துக்கொண்டிருந்தேன், இப்போது அதுவும் போயிற்று. அதனால் பார். என் கண்ணை இன்றைக்கு எனக்கே வைத்துக்கொள்ளலாம். பார்க்கிறேன். நீலம் ஓடுகிறது, ஆரஞ்சு ஓடுகிறது, பந்து மேலே போகிறது, கீழே வருகிறது. ஏதோ ஒன்று இல்லை. புல்லில் ஆட்கள் ஓடுகிறார்கள் என்பதற்கு மேல் என் மண்டைக்குள் எதுவும் ஏறவில்லை. இப்போது பந்து யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று? தெரியவில்லை. சொல்லாததால் தெரியவில்லை.

கண் தானாக எதிர்ப் பக்கம் போகிறது, எங்கள் பக்கம், கிழக்கு கேலரி. சாயங்கால வெயில் நேராக முகத்தில் அடிக்கிற இடம், டிக்கெட் சுலபமாகக் கிடைக்கும், இஞ்ஞாசிக்கு அந்த இடம்தான் வேண்டும், முகத்துல சூடு பட்டாத்தான் கிரவுண்டு எந்தப் பக்கம்னு தெரியுது என்பான். சீசனுக்கு முந்தின மேட்ச், கூட்டம் அதிகமில்லை, திட்டுத் திட்டாக உட்கார்ந்திருக்கிறார்கள். பந்து வலது பக்கம் போனால் தலைகள் எல்லாம் வலது பக்கம், இடது பக்கம் வந்தால் இடது பக்கம், காற்றில் கோரை சாய்கிற மாதிரி. ஒரு தலை மட்டும் திரும்பவில்லை. வெள்ளைத் தொப்பி. எல்லாத் தலையும் சாய்ந்தபோது அது நேராக, முன்னால், வெயிலைப் பார்த்தபடி. இல்லை. அவனாக இருக்காது. நான் வராவிட்டால் அவன் வரமாட்டான், அதை நம்பித்தானே. யாரோடாவது கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எவனாவது கிழவன். பந்து கார்னர் போகிறது, தலைகள் போகின்றன, அது போகவில்லை. பக்கத்து இருக்கையில் ஒரு துண்டு விரித்திருக்கிறது. பச்சைத் துண்டு. அந்த வரிசையே காலி, அதற்கு முன்வரிசையும் காலி, யார் வந்து பிடிக்கப்போகிறார்கள் என்று அந்த ஒரு இடத்துக்குத் துண்டு. அவனுக்கு வலது பக்கத்து இருக்கை. என்னுடையது. யார் கொண்டுவந்து விட்டார்கள், அவன் மகள் ஸ்டெல்லாவாக இருக்கும், ஆட்டோவில் ஏற்றி வந்து இடம் பார்த்து உட்காரவைத்துவிட்டு வேலைக்குப் போயிருப்பாள், முடிந்ததும் வருவாள். எனக்குக் காய்ச்சல் என்று தெரிந்தும் வந்திருக்கிறான். ஏன் வந்தான். ஏன் வந்தான் என்று எனக்குத் தெரியும்.

பேர் வைக்க வந்திருக்கிறான். வருஷா வருஷம் சீசனுக்கு முந்தின மேட்ச்தான் எங்களுக்குப் பெரிய மேட்ச், மற்றவர்களுக்கு அது கணக்கில் சேராத ஆட்டம். அன்றைக்குத்தான் புது ஆட்கள் வருவார்கள், சட்டையில் பெயர்கூட இருக்காது, வெறும் நம்பர். நான் ஒவ்வொருவனும் எப்படி நிற்கிறான், எப்படி ஓடுகிறான், விழுந்தால் எப்படி எழுகிறான் என்று சொல்லுவேன், கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு இஞ்ஞாசி ஒரு பேர் வைப்பான். வைத்தால் வைத்ததுதான், மாற்றினால் ராசியில்லை. போன வருஷம் ஓயாமல் ரெஃப்ரியிடம் முறையிட்ட நடு ஆட்டக்காரனுக்கு வக்கீல் என்று பேர், சிக்கிம்காரப் பையன். பந்தைக் காலில் வாங்கினால் யாருக்கும் தராத ஒருவனுக்கு ரேஷன் கடை. இரண்டு பேருக்கு எங்கள் ரயில் பெட்டி ஃபேக்டரி ஃபோர்மேன்களின் பேர். பேர் வைத்துவிட்டால் அவன் மனதில் ஆள் வந்துவிடும், அப்புறம் சீசன் முழுக்க நான் பேரைச் சொன்னால் போதும், "வக்கீல், ரேஷன் கடைக்கு" என்றால் அவன் முழு ஓட்டத்தையும் பார்த்துவிடுவான். பேர் வைக்காவிட்டால் வருஷம் முழுக்க அவனுக்கு வெறும் நம்பர்கள் ஓடும். கண் இல்லாதவனுக்கு நம்பர் எதற்கு. இன்றைக்கு ஒரு நாள் போனால் ஒரு வருஷம் போயிற்று, அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் நூற்றொன்று என்றேன். "என்ன மாமா, அங்கயே பாக்குறீங்க?" என்கிறார் மாப்பிள்ளை. தெரிஞ்சவர் ஒருத்தர், எதிர்ப் பக்கம் இருக்கார், கண்ணு சரியில்லாதவர் என்கிறேன், எப்படியோ வாயில் வந்துவிட்டது. "அடடா, சொல்லியிருந்தா அவரையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே. நம்ம ஆளுங்க ரெண்டு பேரு வரல, சீட்டு காலியாத்தான் இருக்கு பாருங்க." பார்த்தேன். என் வலது பக்கம் ஒன்று, எனக்கு இடது பக்கம் ஒன்று. இடது பக்கம் ஒன்று. "இப்ப கேட்டுப் பாக்கட்டுமா மாமா? கீழ பாஸ் வாங்கணும், எங்க மேனேஜர் வந்ததும் சொல்றேன்." வேண்டாம், வேண்டாம் என்கிறேன், ரொம்ப வேகமாக. அவன் இங்கே வந்தால் காய்ச்சல் என்ன ஆவது.

சட்டைப் பையில் போன் துடிக்கிறது. எடுக்காமலே தெரியும். எதிர்ப் பக்கம் வெள்ளைத் தொப்பியின் காதோரம் ஒரு கை. எடுக்காமல் விட்டால் தூங்குகிறான் என்று நினைப்பான், அதுவும் ஒரு பொய், ஆனால் நான் வாயைத் திறக்காத பொய். எடுத்துவிட்டேன். "இன்னாடா ஏகா, முய்ச்சிகினுதான் கீறியா?" அவன் குரலுக்குப் பின்னால் மொத்த ஸ்டேடியமும் இரைகிறது, எனக்கு இருபது அடியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற இரைச்சல், அது அவன் போன் வழியாகச் சுற்றி என் காதுக்கு வருகிறது. ம், கொஞ்சம் பரவாயில்லை என்கிறேன். "நான் வந்துட்டேன். தப்பா நெனச்சிக்காத. வூட்ல இருக்க முடியல. பக்கத்துல எவனையாவது கேட்டுக்கலாம்னு பாத்தேன், ஒருத்தன் வந்தான், செல்போன்ல எதையோ பாத்துகினு எழுந்து போய்ட்டான்." துண்டு விரித்த இடத்தைப் பார்த்தேன். "ஏதோ சேனல்ல காட்றானாமே. டிவியப் போட்டுப் பட்த்துனே சொல்றியா? தொண்ட வலிச்சா வுட்டுரு." தொண்டை வலித்தால் விட்டுவிடு என்கிறான். போட்டிருக்கேன், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்கிறேன். அந்த நேரத்தில் பின்னால் யாரோ பாத்திரத்தின் மூடியைத் திறந்து கரண்டியைப் போடுகிறார்கள். "யாரு, தங்கச்சி பாத்திரம் கழுவுதா? அதுக்கு வேற வேல வெக்கிறியா நீ" என்கிறான். என் மனைவி வீட்டில் நிம்மதியாகச் சீரியல் பார்த்துக்கொண்டிருப்பாள், அவளையும் பாத்திரம் கழுவ வைத்துவிட்டேன். கண்ணாடியைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தேன், பந்து இடது ஓரம், நம்ம டிஃபெண்டர் வெளியே அடிக்கிறான் என்று. அப்புறம்தான் உறைத்தது. வீட்டு டிவியில் அது இன்னும் நடந்திருக்காதே. எட்டு செகண்ட். இஞ்ஞாசிக்குக் கண்தான் இல்லை, காது இருக்கிறது, கேலரி இரைகிற நேரமும் நான் சொல்கிற நேரமும் ஒன்றாக இருந்தால் கண்டுபிடித்துவிடுவான். எழுந்தேன். கிரவுண்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரில் இருக்கிற டிவியைப் பார்த்து நின்றேன். வாயை மூடிக்கொண்டு என் கண்ணால் ஒரு மேட்ச் பார்க்க வந்தவன். இப்போது வாய் ஓயவில்லை, மேட்ச் முதுகுக்குப் பின்னால், நடந்து முடிந்ததை எட்டு செகண்ட் கழித்துப் பொய்யோடு சேர்த்து ஓதிக்கொண்டிருக்கிறேன். மாப்பிள்ளை ஒன்றும் கேட்காமல் ஒரு கிளாஸ் பழரசத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார். நல்ல மனிதர். அதையும் குடித்தேன்.

பேர்கள் விழ ஆரம்பித்தன. இருபத்திரண்டாம் நம்பர், உயரம், கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்கிறான், காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறான் என்றேன். "தண்ணில நிக்கிறானா?" என்றான். ஆமாம், அப்படித்தான் என்றேன். "கொக்குன்னு வெச்சா எல்லாரும் வெப்பான். மழைக்கு நம்ம தெருவுல நடப்பாரே போஸ்ட்மேன், வேட்டியத் தூக்கிகினு. போஸ்ட்மேன்னு வெச்சிக்க." நான் சிரித்தேன், முதல் தடவையாக இந்த அறையில் சத்தம் போட்டுச் சிரித்தேன், இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே தலையை லேசாகத் திருப்பியதுதான் தப்பு. கண்ணாடி வழியாகப் போஸ்ட்மேன் ஓரத்தில் ஓடுவது தெரிந்தது, நிஜ போஸ்ட்மேன், உள்ளே அடித்தான், நான்காம் நம்பர் குனிந்து தலையால் இடித்தான், வலை அசைந்தது. போனில் இஞ்ஞாசியின் ஸ்டேடியம் வெடித்தது. "கோலா? ஏகா, கோலா? யாருடா? சொல்றா, யாரு அடிச்சது?" எனக்குத் தெரியும். நான் பார்த்தேன். நான்காம் நம்பர். டிவியில் போஸ்ட்மேன் இன்னும் பந்தை வாங்கவே இல்லை. "இரு, இங்க இன்னும் வரல" என்றேன். அவன் மூச்சு வாங்குவது கேட்கிறது. பக்கத்தில் எல்லோரும் குதிக்கிறார்கள், அவன் ஒருவன்தான் ஏன் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறான், தெரிந்த ஒருவன் காதோரம் வாயை மூடிக்கொண்டிருக்கிறான். எட்டு செகண்ட் இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. ஃபேக்டரியில் பெயின்ட் அடித்த ரயில் பெட்டி காய்வதற்குக் காத்திருந்திருக்கிறேன், பிரசவ வார்டு வாசலில் காத்திருந்திருக்கிறேன். டிவியில் பந்து உள்ளே வந்ததும், "நாலாம் நம்பர், தலையால, போஸ்ட்மேன் குடுத்தது" என்று கத்தினேன், கத்துகிற மாதிரி கத்தினேன். அதற்குள் அங்கே ஜனங்கள் உட்கார்ந்துவிட்டார்கள். இஞ்ஞாசி தனியாக, எல்லோரும் முடித்த பிறகு, கை தட்டினான். திரும்பி அதைப் பார்த்தேன். வெள்ளைத் தொப்பி, இரண்டு கை, யாருமில்லாத வரிசையில்.

ஹாஃப் டைமில் போனை வைத்துவிட்டான், வேர்க்கடலை திங்க. வறுத்த வேர்க்கடலை, ஓட்டைத் தரையில் போடமாட்டான், சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். நானும் தின்றேன். மூடிகளைத் திறந்து திறந்து பரிமாறுகிற பெண் என்னென்னவோ வைத்தாள், குட்டிக் கண்ணாடிக் குவளையில் ஒரு புட்டிங், அது தித்திப்பாக இருந்தது, தித்திப்பாக இருந்ததே ஒரு குற்றமாக இருந்தது, ஆனாலும் இன்னொன்று எடுத்தேன். இறங்கிப் போய்விடலாமா. படியிறங்கி, வெளியே போய், சுற்றிக்கொண்டு கிழக்கு கேட், காய்ச்சல் இறங்கிட்டுது, ஆட்டோ பிடிச்சி வந்தேன் என்று. இந்தப் பட்டையோடு கேலரிக்குள் விடமாட்டார்கள், அந்தப் பக்கத்துக்கு வேறு டிக்கெட். விட்டாலும், உட்கார்ந்ததும் மணிக்கட்டைப் பிடிப்பான், விரல் பட்டையில் படும், இன்னாடா இது வழவழன்னு என்பான். கிழித்துவிட்டால் பசை இருக்கும். அவன் கோல் காக்கிற கோலியாக இருந்தவன், ஃபேக்டரியில் எங்கள் பிரிவு டீமுக்குப் பதினோரு வருஷம், அந்த விரல்கள் பந்தின் தையலை எண்ணிச் சொல்லும். போகவில்லை. உட்கார்ந்தே இருந்தேன். மேனேஜர் வந்தார், கை கொடுத்தார், சார் பெரிய ஃபுட்பால் ஃபேனாமே என்றார். ஆமாம் என்று சிரித்தேன். மறுபடியும் போன் துடித்தது.

இரண்டாவது பாதியில் பாதி ஆட்களை மாற்றிவிட்டார்கள், பிரெண்ட்லி மேட்ச் என்றால் அப்படித்தான், யாரை வேண்டுமானாலும் இறக்கிப் பார்ப்பார்கள். புதுக் கோலி, முப்பத்தொன்று, நெட்டையான பையன், எங்கிருந்து வந்தவனோ. டிவிக்காரன் பந்து போகிற பக்கமே போகிறான், பந்து கோவாக்காரர்கள் கோல் முன்னால் சிக்கிக் கிடக்கிறது, நான் டிவியைப் பார்த்து எண்ணி எண்ணிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கார்னர், இது நமக்கு ஐந்தாவது, திருப்பி அடித்தான், மறுபடி கார்னர், ஆறு. கையிலிருந்த இன்னொரு பழரசக் கிளாஸைக் கீழே வைப்பதற்காகத் திரும்பினேன். நம் கோல் பக்கம் கண் போயிற்று. அங்கே யாருமில்லை, கோலி மட்டும், ஒரு பயலும் அவனைப் பார்க்கவில்லை. அவன் மெதுவாக இடது கம்பத்துக்கு நடந்தான், முழங்கையால் ஒரு தட்டு. அப்படியே குறுக்கே வலது கம்பத்துக்கு, முழங்கையால் ஒரு தட்டு. நடுக் கோட்டுக்கு வந்து இரண்டு காலும் சேர்த்து ஒரு குதி. என் உடம்பு சிலிர்த்துவிட்டது. "இஞ்ஞாசி! டேய், உன்ன மாதிரியேடா! புதுக் கோலி, கம்பத்த முழங்கையால தட்றான், அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு, நடுவுல வந்து குதிக்கிறான், அப்படியே நீதாண்டா!" சொல்லிவிட்டேன். ஆறு வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக எதையும் அவனுக்குச் சொன்னதில்லை. போனில் அவன் ஸ்டேடியம் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. சிக்னல் போய்விட்டதா என்று நினைத்தேன். டிவியில் ஆறாவது கார்னரை இப்போதுதான் எடுக்கப் போகிறார்கள்.

"ஏகா," என்றான், சத்தமில்லாமல். "பந்து அந்தப் பக்கம் கீது. ஜனம் அந்தப் பக்கம்தான் கத்துது. இந்தப் பக்கம் கோலி கம்பத்தத் தட்றத டிவிக்காரன் எதுக்குடா காட்டப்போறான்? நான் ஆடறப்பவே எவனும் பாத்ததில்ல, நீ ஒருத்தன்தான் பாப்ப." போனை மறு காதுக்கு மாற்றினேன். "கோலு வுழுந்தப்போ அவ்ளோ லேட்டா சொன்னே. இப்ப மட்டும் எப்படி வந்துது?" அவன் கோபமாகக் கேட்கவில்லை. கணக்குக் கேட்கிற மாதிரி கேட்டான். கணக்கு என்றால் நான் பதில் சொல்லியாக வேண்டும். "இங்கதான் இருக்கேன்" என்றேன். "எங்க?" "உனக்கு எதிர்ல. மேல, கண்ணாடி ரூம்ல. மாப்பிள்ளை கூட்டிகினு வந்தாரு." "காய்ச்சல்?" "இல்ல." எதிர்ப் பக்கம் வெள்ளைத் தொப்பி மெல்ல எழுந்து நின்றது. "எனக்கு ஒரு சீட்டு கெடைக்கலயா?" இங்கே நான் இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம், மிகச் சுலபமான பொய், கிடைக்கவில்லை என்ற ஒரு வார்த்தை. "ரெண்டு காலியா கீது. நான் கேக்கல." "ஏன்?" என் இடது பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன், யாரும் உட்காராத மெத்தை, மடிப்புக் கலையாமல். "ஒரு மேட்ச் சொல்லாம பாக்கணும்னு இருந்திச்சிடா." சொல்லிவிட்டேன். ஃபேக்டரி நாளிலிருந்து அவனிடம் நான் மறைத்தது அநேகமாக இது ஒன்றுதான். ஸ்டேடியம் இரைந்தது, தணிந்தது, யாரோ ஒருவன் அவன் பக்கத்தில் முறுக்கு முறுக்கு என்று கத்திக்கொண்டு போனான். "பாத்தியா?" என்றான். "ஒண்ணும் தெரியல" என்றேன். "சொன்னாத்தான் தெரியுது."

எதிர்ப் பக்கம் அவன் கையைத் தூக்கி ஆட்டினான், ஸ்கோர் போர்டைப் பார்த்து. அங்கே யாருமில்லை. "கண்ணாடில கீறியா? கைய ஆட்டறேன், தெரியுதா?" "தெரியுது. என் பக்கம் இல்ல, இடது பக்கம் திரும்பு." திரும்பினான். "இன்னும் கொஞ்சம். அதிகமாப் போய்ட்டே, இந்தப் பக்கம் வா. ம், அப்படியே நில்லு." இப்போது அவன் முகம் எனக்கு நேராக இருந்தது, வெயில் முழுக்க முகத்தில். நானும் கையைத் தூக்கினேன், நீலப் பட்டை போட்ட கை, தூக்கிவிட்டேன் என்று போனில் சொன்னேன், அதை அவன் நம்பினானோ இல்லையோ. மாப்பிள்ளை எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார், என்ன என்று கேட்காமல் அவரும் எதிர்ப் பக்கம் பார்த்துக் கையை ஆட்டினார். இஞ்ஞாசி உட்கார்ந்தான். எனக்காக விரித்திருந்த துண்டை எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான். அது எனக்கு வலித்தது. வலிக்கட்டும். "புதுசுல இன்னும் யாரு கீறா?" என்றான், வேறு குரலில், வேலைக் குரலில். "பதினேழு" என்றேன். "எப்படி?" கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தேன், டிவி எக்கேடு கெட்டுப் போகட்டும். "வலது ஓரம். கோட்ட வுட்டு உள்ளயே வர மாட்றான். பந்து அவன் பக்கம் வர மாதிரி இருந்தா ஷூ கயிறு அவுந்துட்ட மாதிரி குனியறான்." "நல்லா ஆடறவன்தானா?" "ஆடத் தெரிஞ்சவன்தான். நிக்கிற நெலையப் பாத்தா தெரியுது. இன்னிக்கு ஒளியறான்." "ம்" என்றான். வேர்க்கடலை ஓடு ஒன்று உடைகிற சத்தம். "அவன் பேரு காய்ச்சல்." "வேணாம்டா" என்றேன். "வெச்சாச்சி. வெச்ச பேர மாத்தினா ராசியில்லன்னு ரூலு போட்டது நீதான்." நான்தான். சீசன் முழுக்க, ஒவ்வொரு மேட்சும், அந்தக் கேலரியில், அவன் பிடித்திருக்கிற கையோடு, நான் அந்தப் பேரை வாயால் சொல்ல வேண்டும். சீசன் முழுக்க என்றால் நான் அங்கே இருக்க வேண்டும். அவன் பிடிக்க வேண்டும். "சொல்லு, ஏன் நிறுத்திட்டே? அவங்கிட்ட பந்து வந்துதா?" வந்தது. போஸ்ட்மேன் குறுக்கே நீளமாக அடித்தான், பதினேழு குனியவில்லை, மார்பில் வாங்கிக் காலில் இறக்கினான். எனக்குப் பின்னால் அறையில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது, மேனேஜர் உட்பட எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று முதுகுக்குத் தெரிந்தது. "காய்ச்சல் பந்த வாங்கிட்டான்" என்றேன், குரலைத் தாழ்த்தாமல்.